படத்துக்கு மாலை போட்ட பிறகு

சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சிற்றாறு வந்து கலக்கிறது. அங்கிருந்து மேற்கே போகப் போக, அமாவாசை நாளில் எந்தப் படித்துறையிலும் எள்ளும் தண்ணீரும் இறைப்பவர்களைப் பார்க்கலாம். அப்பா, தாத்தா, பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயர் சொல்லித்தான் தர்ப்பணம். அண்ணன் தம்பிக்கும் சிநேகிதனுக்கும் அந்த வரிசையில் இடமில்லை. ஆனால் புரட்டாசி மகாளயத்தில் 'காருண்ய பித்ருக்கள்' என்று ஒரு பிரிவு உண்டு. உடன்பிறந்தவர், குரு, நண்பர் எல்லாரும் அதில் அடக்கம். பெயரே சொல்கிறது, இவர்களை நினைப்பதற்குக் காரணம் அன்பு. ரத்த சம்பந்தம் இல்லாதவரையும் 'அண்ணாச்சி' என்று கூப்பிடும் நெல்லைச் சீமைக்கு இது எளிதில் புரியும். அந்த அன்புக்கு ஒரு கடமையும் உண்டு என்பது என் கட்சி: போனவர் எப்படி இருந்தாரோ அப்படியே எழுதி வைப்பது. 'கண்ணீர் அஞ்சலி' சுவரொட்டி அதைச் செய்யாது. பண்பாளர், பாசமிகு சகோதரர் என்று அதில் அச்சாகும் சொற்களை எந்தப் படத்துக்குக் கீழே ஒட்டினாலும் பொருந்தும்.

இதற்கு நெல்லையிலேயே ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் காசநோயால் இறந்தார். வயது 42. அவரைவிடப் பதினேழு வயது இளையவர், நண்பர் தொ.மு.சி. ரகுநாதன், அவரும் திருநெல்வேலிக்காரர். மூன்றே ஆண்டில், 1951-ல், ரகுநாதன் எழுதிய 'புதுமைப்பித்தன் வரலாறு' வெளிவந்தது. எழுதியவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தகப்பனாரோடு இருந்த பிணக்கு, தீராத பணமுடை, சொந்தப் படம் எடுக்க ஆசைப்பட்டு 'பர்வதகுமாரி' என்று தாயார் பெயரில் கம்பெனி தொடங்கிப் பட்ட நஷ்டம், 'ராஜமுக்தி' பட வேலைக்காகப் புனே போய் நோய் முற்றியது எல்லாம் எழுத்தில் நிற்கின்றன. புகழ்ந்து நாலு பக்கம் எழுதி முடித்திருந்தால் இன்று நமக்கு ஒரு பெயரும் இரண்டு தேதிகளும்தான் மிஞ்சியிருக்கும். ரகுநாதன் அதோடு விடவில்லை. 1954-ல் நண்பரின் கவிதைகளைத் தொகுத்துப் பதிப்பித்தார். அப்படியும் சிதறிக் கிடந்தவை பல. 1998-ல் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அன்னை இட்ட தீ' தொகுப்பைக் கொண்டுவரும்வரை, புதுமைப்பித்தன் எழுத்தில் எத்தனையோ புத்தகமாகாமலே கிடந்தன. அச்சில் வந்த எழுத்துக்கே, அதுவும் இவ்வளவு பெரிய எழுத்தாளருக்கே இந்தக் கதி.

செத்தவரைப் பற்றிக் குறை சொல்லலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்ல முடியாதவரைத் தூற்றுவது கோழைத்தனம். ஆனால் குறையைச் சொல்வது வேறு, தூற்றுவது வேறு. கூடப் பழகியவன் போனவரின் கோபத்தைச் சொல்லும்போது, அது எதனால் வந்தது, எவ்வளவு நேரத்தில் தணிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வான். வெளியாளுக்கு அது தெரியாது. நண்பன் வாயை மூடிக்கொண்டால் அந்த இடத்தை வம்பு வந்து நிரப்பும். வீட்டார் மனம் புண்படுமே என்றால், அதற்கு அளவு உண்டு. உயிரோடு இருப்பவரைக் காயப்படுத்தும் ரகசியத்தை எழுத வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்வார்கள்: அவர் எழுத்தாளர், எங்கள் அண்ணன் சாதாரண ஆள், எழுத என்ன இருக்கிறது? எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. புதுமைப்பித்தனுக்கு அவர் கதைகளே சாட்சி சொல்லும். வயலும் கடையுமாக வாழ்ந்து போனவருக்குக் கூடப் பிறந்தவரையும் பழகியவரையும் விட்டால் வேறு யார் சாட்சி? அவர் வாயில் அடிக்கடி வந்த சொலவடை, வேட்டியை மடித்துக் கட்டுகிற தினுசு, யாருக்கும் தெரியாமல் யாருடைய பிள்ளைக்குப் பள்ளிச் சம்பளம் கட்டினார் என்பது, முதலில் மறந்துபோவது இவைதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தமும் சிநேகமும் ஒரே வீட்டில் கூடும். சிறுவயதில் கூட விளையாடியவர், கூட வேலை பார்த்தவர், கடன் கொடுத்தவர், வாங்கியவர் எல்லாரும் அன்று வருவார்கள். இன்னொரு முறை அப்படிச் சேர மாட்டார்கள். சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். பழைய போட்டோக்களின் பின்பக்கம் யார் யார் என்று பெயரும் வருஷமும் எழுதிக்கொள்ளுங்கள். போனில் கிடக்கும் அவர் குரலை, போன் பழுதாவதற்குள் வேறு இடத்தில் சேமித்து வையுங்கள்.