அணைத்த பிறகும் ஓடும் மின்சாரம்

இரவு பத்து மணி. ரிமோட்டை அழுத்தித் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறீர்கள். அறை இருட்டாகிவிட்டது. ஆனால், மூலையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது. கவனித்ததுண்டா, மாணவர்களே?

அந்தச் சாதனம் இன்னும் மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இதைக் காத்திருப்பு மின்சாரம் என்பார்கள்.

ஏன் எடுக்கிறது? ரிமோட்டிலிருந்து அகச்சிவப்புக் கதிர் எப்போது வரும் என்று ஓர் உணரி இடைவிடாமல் காத்திருக்க வேண்டும். அந்த உணரிக்கு மின்சாரம் தேவை. சுவரிலிருந்து வரும் மாறுதிசை மின்னோட்டத்தை நேர்த்திசை மின்னோட்டமாக மாற்றும் பகுதியும் இயங்கிக்கொண்டே இருக்கும். அதில் கொஞ்சம் வெப்பமாக வீணாகிறது. தொலைக்காட்சி டீகோடரின் பின்புறத்தைக் காலையில் தொட்டுப் பாருங்கள். பல டீகோடர்கள் இளஞ்சூடாக இருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். பழைய டீகோடர் ஒன்று காத்திருப்பில் 10 வாட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 20 மணி நேரம் சும்மா இருந்தால் ஆண்டுக்கு 73 கிலோவாட் மணி செலவாகும். அதே மின்சாரத்தில் 10 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை இரவுக்கு 5 மணி நேரம் வீதம் 4 ஆண்டுகள் எரிக்கலாம். முதல் படிவத்தில் தொடங்கி நான்காம் படிவம் முடியும் வரை நீங்கள் படிப்பதற்கான வெளிச்சம் அது!

கேமரன் மலையின் கோலா தெர்லாவில் ஒரு சிறு நீர்மின் நிலையம் உண்டு. அதன் திறன் 500 கிலோவாட். இத்தகைய டீகோடர்கள் 50,000 ஒரே நேரத்தில் காத்திருந்தால், அந்த நிலையம் முழுத் திறனில் தரும் மின்சாரம் அவ்வளவும் அவற்றுக்கே சரியாகிவிடும். ஒரு வீட்டில் சிறிதாகத் தெரிவது, நாடு முழுவதும் சேரும்போது சிறிதல்ல.

இதை உலகமும் கவனித்தது. காத்திருப்பு மின்சாரத்தை 1 வாட்டுக்குள் அடக்க வேண்டும் என்று அனைத்துலக எரிசக்தி முகமை 1999-இல் முன்மொழிந்தது. 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியம் பல சாதனங்களுக்கு அரை வாட் வரம்பு வைத்தது. அதனால் புதிய தொலைக்காட்சிகளும் கைப்பேசிச் சார்ஜர்களும் மிகக் குறைவாகவே எடுக்கின்றன. பழைய டீகோடரையும் ஒலிப்பெருக்கியையும்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

நீங்களே சோதிக்கலாம். பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, விளக்கு, மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றை ஐந்து நிமிடம் மட்டும் நிறுத்துங்கள். மற்றவற்றை ரிமோட்டில் மட்டும் அணையுங்கள். மின் மீட்டரின் சிறு விளக்கு ஒருமுறை மின்னியதிலிருந்து மறுமுறை மின்ன எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். கிலோவாட் மணிக்கு 1000 துடிப்பு என்று மீட்டரில் அச்சிட்டிருந்தால், 3600-ஐ அந்த வினாடிகளால் வகுங்கள். 120 வினாடி என்றால் 30 வாட். ‘அணைத்த’ வீடு எடுக்கும் மின்சாரம் அது.

சோதனை முடிந்ததும் குளிர்சாதனப் பெட்டியை மறக்காமல் போட்டுவிடுங்கள். டீகோடருக்கோ, சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டுப் படுக்கப் போங்கள்.