சாரல் காலத்தில் சூரிய பம்புசெட் துள்ளுவது ஏன்?

நெல்லைப் பகுதியில் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலையிலிருந்து மேகம் வருவதும் கலைவதுமாக இருக்கும். அந்நாட்களில் சூரிய சக்தி பம்புசெட்டில் தண்ணீர் கூடியும் குறைந்தும் விழுவதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். இது பழுதா, இயல்பா?

சூரியத் தகடுகள் தருவது டி.சி. மின்சாரம். ஏ.சி. மோட்டாருக்கு ஏற்ப அதை மாற்றித் தருவது கட்டுப்பாட்டுப் பெட்டி. இது மின்சாரத்தை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை விட்டுவிட்டுச் செலுத்துகிறது. தகட்டின் வோல்டேஜையும் ஓயாமல் அளக்கிறது. மேகம் மறைத்தால் மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும். வெயில் வந்தால் கூட்டும்.

இதற்கு வாய்க்கால் மடையே நல்ல உதாரணம். மருதூர் அணைக்கட்டுக் கால்வாயில் மடையைத் திறந்ததும் கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்துவிடாது. பொறுக்காமல் மேலும் மேலும் திறந்தால் வயல் மூழ்கும். பதறி அடைத்தால் பிறகு காயும். மிகத் தாமதித்துத் திறந்தாலோ பயிர் வாடும். பெட்டியும் அப்படியே. அளவுக்கு மீறித் திருத்தினால் மோட்டார் வேகம் ஏறி இறங்கும். தாமதித்தால் வோல்டேஜ் சரிந்து மோட்டார் நின்றுவிடும். எவ்வளவு திருத்துவது, எவ்வளவு விரைவில் திருத்துவது என்ற இரண்டு அளவுகளையும் பெட்டிக்குள் பொருத்தமாக அமைத்திருக்க வேண்டும்.

பழுதைக் கண்டறியும் வழி எளிது. தெளிந்த வெயிலில் பெட்டியின் திரையில் ஹெர்ட்ஸ் எண்ணைக் கவனியுங்கள். எண் நிலையாக இருந்து தண்ணீர் மட்டும் விட்டுவிட்டு வந்தால், கிணற்றில் நீர்மட்டம் இறங்கியிருக்கலாம். எண்ணே ஏறி இறங்கினால், தகட்டின் மேல் தென்னை ஓலை நிழல் ஆடுகிறதா, தூசி படிந்துள்ளதா என்று பாருங்கள். அவை இல்லையெனில் கம்பி இணைப்பையும் அளவு அமைப்பையும் மெக்கானிக் சரிபார்க்க வேண்டும். மேகத்தோடு எண் இறங்கி, வெயிலோடு ஏறினால் அது இயல்பே.

துள்ளலை அலட்சியம் செய்யலாகாது. வேகம் மிகக் குறைந்தால் ஆழத்துத் தண்ணீர் மேலேறாது. தண்ணீர் ஓடாமல் சுற்றும் நீர்மூழ்கி மோட்டார் சூடேறிக் கெடும்.

பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் சிறிது நேரம் தேங்கி நிற்கும். தகடுகளோ வெயில் உள்ளவரை மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். 2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் வாங்கிய பம்புசெட்டுகளை, நிறுவிய நிறுவனமே 5 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். தேவையானால் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகுங்கள். ஹெர்ட்ஸ் எண் ஏறி இறங்கிய நேரத்தையும் வானத்தின் நிலையையும் குறித்து வைத்துக் காட்டினால் வேலை விரைவில் முடியும்.