அடைபட்ட ஆவி

லடாக்கிலுள்ள லே நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்குக் காற்றழுத்தம் குறைவு. ஆதலால், திறந்த பாத்திரத்தில் நீர் 90 பாகை செல்சியசை எட்டுமுன்பே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு எரித்தாலும் அந்நீரின் வெப்பநிலை உயராது. பருப்பும் எளிதில் வேகாது. இக்குறையை நீக்குவது குக்கர்.

பிரெஞ்சு அறிஞர் டெனி பாப்பின் 1679ஆம் ஆண்டில் இதன் முன்னோடியை உருவாக்கினார். ஆவியை வெளியேறாமல் அடைத்தால் அழுத்தம் கூடும். நீர் கொதிக்கும் வெப்பநிலையும் உயரும். சமவெளியில் குக்கருக்குள் அது ஏறத்தாழ 120 பாகையை எட்டும். உணவு விரைந்து வேகும், எரிபொருளும் மிச்சமாகும்.

ஆயினும், அடைபட்ட ஆவி ஆபத்தானது. எனவே குக்கரில் காவல்கள் பல உள்ளன. அழுத்தம் மிகும்போது, மூடியின் மேலுள்ள எடை எழுந்து ஆவியை வெளிவிடும். அதுவே நாம் கேட்கும் விசில். ஆவிக்குழாய் அடைபட்டு வெப்பம் அளவு மீறினால், பாதுகாப்பு வால்விலுள்ள உலோகம் உருகி ஆவிக்கு வழிவிடும். உள்மூடி உடைய குக்கரில் ஆவியே மூடியை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும். அழுத்தம் தணியும்வரை மூடி திறவாது.

இக்காவல்கள் பயன் தருவது சமைப்பவர் கையில் உள்ளது. பருப்பு நுரைத்துக் குழாயை அடைக்கும். ஆதலால் குக்கரில் பாதிக்குமேல் நிரப்பலாகாது. ஆவிக்குழாயை நாள்தோறும் கழுவுதல் வேண்டும். ஆவி முற்றும் அடங்குமுன் மூடியை வலிந்து திறத்தல் கூடாது.

சிந்தித்து விடை எழுதுக: பாதுகாப்பு வால்வில் எளிதில் உருகாத உலோகத்தைப் பொருத்தினால் என்ன நேரும்?