இறம்பொடையில் பிறந்த இசைக்குயில்

கணிகையர் குலத்து மாதவி ஏழாண்டு கலை பயின்று, பன்னிரண்டாம் ஆண்டில் சோழன் அவையில் அரங்கேறினாள் என்று சிலம்பு கூறும். ஏறக்குறைய அதே வயதில் கொழும்பு அரங்கொன்றிலே சீதையாகத் தோன்றினாள் நம் மலைநாட்டில் பிறந்த ஒரு சிறுமி. அவளே பின்னாளில் சிங்கள மக்கள் நெஞ்சாரப் போற்றிய ருக்மணி தேவி.

1923ஆம் ஆண்டு தை மாதத்தில் நுவரெலியாவை அடுத்த இறம்பொடையில், தமிழ் மரபில் வந்த கிறித்தவக் குடும்பமொன்றில் இவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டெய்சி இராசம்மா டானியல்ஸ். இராசம்மா என்னும் அவ்வொரு சொல்லே வேர் எது என்பதை உணர்த்தும். பள்ளிப் பருவத்தில் நத்தார் விழா நாடகத்தில் தொடங்கிய நடிப்பு, 1930களின் நடுவில் இராமாயண நாடகத்துக்கு அவரைக் கொண்டு சென்றது.

அக்காலத்தில் பெண்ணொருத்தி மேடையேறுவது எளிதன்று. நம் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தை நினைத்துப் பாருங்கள். மதனும் ஆண், இரதியும் ஆண். நடிக்கும் பெண்ணை ஊர் ஐயத்தோடு நோக்கிய நாளில், ஒரு சிறுமி துணிந்து அரங்கின் நடுவே நின்றாள்.

1930களின் இறுதியில் எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் இவர் பாடிய 'சிறி புத்தகயா விகாரே' என்னும் இசைத்தட்டு நாடெங்கும் ஒலித்தது. கிறித்தவராய்ப் பிறந்த பெண், புத்தகயையைப் பாடிப் பௌத்தர்தம் உள்ளங்களை உருக்கினார். பின்னர் நீர்கொழும்பைச் சேர்ந்த பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவில் தலைமை நடிகையானார். அவர்தம் தம்பி எடி ஜயமான்னவை மணந்தார்.

முதற் சிங்களப் பேசும்படமாகிய 'கடவுனு பொறொந்துவ' 1947ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் கொழும்பில் திரையிடப்பட்டது. கதை மினர்வாவின் நாடகம், தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். இயக்கியவர் ஜோதிஷ் சிங் என்னும் வங்காளி. படமாக்கிய களம் தென்னிந்தியா. கதாநாயகி நம் இராசம்மா. சிங்களத் திரையின் தொட்டிலை ஆட்டிய கைகளுள் தமிழ்க் கைகளும் இருந்தன.

அடுத்த ஆண்டு, 1948இல், குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர் பல்லாயிரவரை நாடற்றவராக்கியது. மலைநாட்டில் பிறந்த ஒருத்தியின் குரலை நாடு கொண்டாடிய அதே காலத்தில், அம்மலையில் கொழுந்து பறித்தோரின் உரிமை பறிக்கப்பட்டது. இம்முரணை மறந்து இவர் வரலாற்றைப் படித்தல் ஆகாது.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் என்னிடம் தமிழ் பயிலும் மாணவரின் பெற்றோர், பால்வெட்டு முடிந்து வந்து அடிக்கடி கேட்பதுண்டு: "ஐயா, பிள்ளை சிங்களம் நன்றாகப் பேசுகிறான், தமிழை விட்டுவிடுவானோ?" அவ்வச்சம் பொய்யன்று. நாற்புறமும் சிங்கள ஊர்கள் சூழ்ந்த சப்பிரகமுவையில், பெயரும் பேச்சும் மாறிப்போன குடும்பங்களை நான் அறிவேன். ருக்மணி தேவியும் பெயர் மாற்றிக்கொண்டவரே. 'கலைக்கு மொழியில்லை' என்று சொல்லி நான் அவர்களைத் தேற்றுவதில்லை. கலைக்கு மொழி உண்டு. அதனால்தான் பிறிதொரு மொழியை அவர் முயன்று தம் வசமாக்கினார். சிங்களத்தைச் செம்மையாகக் கற்கட்டும். தமிழ் வீட்டில் வாழட்டும் என்பதே என் விடை. வீட்டில் பேசாத மொழியைப் பள்ளி ஒன்றே காத்துவிட இயலாது.

திரைவாழ்வின் ஒளி மங்கிய பின்னும் ருக்மணி தேவி ஓயவில்லை. ஊர் ஊராகச் சென்று பாடினார். 1978ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள், மாத்தறையில் பாடிவிட்டுத் திரும்புகையில் சாலை விபத்தில் மறைந்தார். பாணரோடு ஊர்தோறும் நடந்த விறலியரின் வழிவந்தவர் போலும்.

தமிழகத்து நடிகையரின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, இறம்பொடை இராசம்மாவின் பெயரையும் சொல்லிக் கொடுப்போமாக.