பழுதும் பக்கத்து வீடும்

எங்கள் தெருவில், தபால் இலாகாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குமாஸ்தாவாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். மகன் வெளியூர் போகும்போது விட்டுச்சென்ற பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து வைத்துக்கொண்டு, காலையில் நாலு பத்திரிகைகளைப் படிப்பதும், மாலையில் பழைய கச்சேரிகளைக் கேட்பதும் அவருடைய நித்திய கர்மானுஷ்டானங்களில் சேர்ந்துவிட்டன. அந்த யந்திரம் ஒருநாள் திடீரென்று ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கியது. எந்த வலைத்தளத்தைத் திறந்தாலும், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்னும் எச்சரிக்கை குறுக்கே வந்து நின்றது. வைரஸ் என்றார் ஒருவர்; நெட் கம்பெனிக்காரர்கள் செய்யும் தகராறு என்றார் மற்றொருவர்; வீட்டுக்கு வந்து பார்த்த மெக்கானிக்கோ, விண்டோஸையே புதிதாகப் போடவேண்டும் என்று சொல்லி, அதற்கு ஒரு தொகையையும் சொல்லிவிட்டுப் போனார்.

மாடி வீட்டுப் பெண் அன்று மாலை வந்து, பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கல்லூரியில் வணிகவியல் படிப்பவள். கம்ப்யூட்டர் சாஸ்திரத்தில் பட்டமோ பயிற்சியோ பெற்றவள் அல்லள். மௌஸை அவள் தொடவே இல்லை. கேள்விகளை மாத்திரம் கேட்டாள்.

"எப்பவுமே இப்படித்தான் இருக்கா தாத்தா, இல்ல நடுவுல சரியாகுதா?"

"நேத்து சாயங்காலம் எதிர்வீட்டுப் பையன் வந்து ஏதோ பண்ணினான். படுக்கப்போற வரைக்கும் நல்லாத்தான் இருந்துது. விடிஞ்சு பார்த்தா, பழைய குருடி கதவைத் திறடிதான்."

"படுக்கப்போறப்போ என்ன பண்ணுவீங்க?"

"கம்ப்யூட்டரை மூடிட்டு, சுவத்துல இருக்கிற சுவிட்சையும் அணைச்சுடுவேன். கரண்டு வீணாகக் கூடாது பாரு."

"கீழ வலது பக்கம் மூலையில என்ன தேதி போட்டிருக்குன்னு படிங்க."

பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ஜனவரி 1, 2009 என்று இருந்தது. ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். "முப்பது வருஷம் ஆபீஸ் திறந்ததும் முதல் வேலை, முத்திரையில தேதி மாத்தறதுதான். இதுல பார்க்கணும்னு தோணலையே எனக்கு!"

கம்ப்யூட்டரின் மதர்போர்டில் நாணயம் போன்ற ஒரு சிறு பேட்டரி பதிந்திருக்கிறது. பெரும்பாலும் அது சி.ஆர். 2032 என்னும் ரகம். குறுக்களவு 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர் என்பதையே அந்த எண் சொல்கிறது. மின்சாரம் நின்றுபோன வேளையிலும் உள்ளே இருக்கும் கடிகாரத்தை நிற்காமல் ஓடவைப்பது அதன் உத்தியோகம். சில ஆண்டுகளில் அதன் சக்தி தீர்ந்துவிடும்; அதன்பின், சுவரிலுள்ள சுவிட்சை அணைத்த மாத்திரத்தில் கடிகாரம் தன் ஆதித் தேதிக்குத் திரும்பிவிடும். இதற்கும் வலைத்தளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தான் இன்னார் என்று நிரூபிக்க, ஒவ்வொரு வலைத்தளமும் இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்று குறித்த ஒரு சான்றிதழை நீட்டுகிறது; 2009-ஆம் ஆண்டிலேயே வாழ்ந்துகொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்கு அந்தச் சான்றிதழ், பிறக்காத பிள்ளையின் ஜாதகமாகத் தோன்றுவதில் வியப்பென்ன? எதிர்வீட்டுப் பையன் தேதியைத் திருத்தியிருக்கிறான். அது ஏன் மாறியது என்று கேட்காமல் போய்விட்டான். மெக்கானிக் கேட்ட பெருந்தொகைக்குப் பதிலாக, ஒருவேளைச் சிற்றுண்டியின் விலைக்குள் அடங்கும் பேட்டரி ஒன்றோடு விவகாரம் தீர்ந்தது.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும் குறளில், வைத்தியத்துக்கு நான்கு அங்கங்கள் உண்டென்று வகுக்கிறார்: நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிலிருந்து பணிவிடை செய்பவன். முதல் மூன்றும் யார்க்கும் தோன்றக்கூடியவை. நான்காமவனையும் அவற்றோடு சமமாக வைத்து எண்ணியதில்தான் அவருடைய நுட்பம் இருக்கிறது. யந்திரங்களின் நோய்க்கும் இந்தக் கணக்கு பொருந்தும் என்பதே என் அபிப்பிராயம். நாம் வைத்தியனையும் மருந்தையும் தேடி ஊரெல்லாம் அலைகிறோம். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார ஓர் ஆள் இருந்தால், பாதி நோய் வைத்தியன் வாசலுக்குப் போகாமலே தீர்ந்துவிடும்.

இந்த அண்டை அயலார் சகாயம், சொந்தக் கம்ப்யூட்டர் என்னும் வஸ்து தோன்றிய நாளிலேயே கூடத் தோன்றியது. 1975-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவில் ஆல்டேர் 8800 என்னும் யந்திரம், பெரும்பாலும் உதிரிப் பாகங்களாகத் தபாலில் விற்பனைக்கு வந்தது. அப்படி வாங்கியவர்கள் தாமே பற்றவைத்துப் பூட்டவேண்டும். பூட்டியது ஓடாவிட்டால் ஓடிப்போய்க் கேட்கப் பக்கத்தில் கடை கிடையாது. அந்த ஆண்டு மார்ச் 5-ஆம் தேதி, கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்னும் ஊரில், ஒரு வீட்டின் கார் கொட்டகையில் முப்பது பேருக்கு மேல் கூடி, தத்தமக்குத் தெரிந்ததைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கினார்கள். ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப் என்று பெயர்பெற்ற அந்தக் கூட்டத்துக்கு முதல் நாளே வந்திருந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் வாஸ்னியாக். ஆப்பிளின் முதல் கம்ப்யூட்டரைப் பின்னர் அவர் காட்டி மகிழ்ந்ததும் அந்த நண்பர்களிடமேதான். 2009-இல் ஆம்ஸ்டர்டாமில், பழுதான சாமான்களைக் கொண்டுவந்து அனுபவசாலிகளோடு உட்கார்ந்து சேர்ந்து சரிசெய்யும் ரிப்பேர் கஃபே தொடங்கியது. நம் சென்னையிலும், காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைத்து, ஊதியமோ கட்டணமோ இன்றி ஒருவர் சந்தேகத்தை மற்றொருவர் தீர்த்து வந்திருக்கிறார்கள்.

ஆனால் சகாயம் கிடைப்பதற்குச் சகாயம் கேட்கும் முறையும் தெரிந்திருக்கவேண்டும். "போன் வேலை செய்யலை" என்று சொல்பவர், வைத்தியரிடம் போய், "உடம்பு சரியில்லை" என்று மாத்திரம் சொல்லிவிட்டு மௌனம் சாதிப்பவரைப் போன்றவர். என்ன செய்தபோது என்ன நேர்ந்தது, அதற்குச் சற்று முன்னர் எதை மாற்றினோம், திரையில் தோன்றிய வாசகம் அட்சரம் பிசகாமல் என்ன என்னும் மூன்றையும் சொல்லிவிட்டால், கேட்பவருக்குப் பாதை பெரும்பாலும் புலப்பட்டுவிடும். சில சமயங்களில், சொல்லி முடிப்பதற்குள்ளேயே சொல்பவருக்கே விடை பளிச்சிடுவதும் உண்டு. புரோகிராம் எழுதுவோருக்காக 1999-இல் வெளிவந்த பிரசித்தமான ஆங்கிலப் புத்தகம் ஒன்றில், பிழை பிடிபடாதபோது மேசைமேல் ஒரு ரப்பர் வாத்து பொம்மையை வைத்து, அதனிடம் வரிவரியாக விளக்குவது என்னும் உபாயம் வருகிறது. வாத்துக்கே அவ்வளவு சக்தி உண்டென்றால், செவியும் நாவும் படைத்த அண்டை வீட்டாருக்கு எவ்வளவு இருக்கவேண்டும்!

சந்தேகத்துக்குரியவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போவது அடுத்த படி. அதற்கும் பக்கத்து வீடு இன்றியமையாதது. போனில் சார்ஜ் ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம். குற்றவாளி கேபிளாக இருக்கலாம், அடாப்டராக இருக்கலாம், போனாகவும் இருக்கலாம். பக்கத்து வீட்டுக் கேபிளை வாங்கி நம் அடாப்டரில் மாட்டிப் பார்க்கவேண்டும். பிறகு அடாப்டரை மாற்றிப் பார்க்கவேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றவேண்டும் என்பது இதில் விதி. எல்லாவற்றையும் ஒருமிக்க மாற்றிவிட்டால், நோய் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. எல்லாக் கேபிளும் தோற்று, செருகிய முனை முழுவதும் உள்ளே இறங்காமல் லொடலொடவென்று ஆடினால், டார்ச் வெளிச்சத்தில் போனின் சார்ஜ் துவாரத்துக்குள் பார்க்கவேண்டும். சட்டைப்பையிலும் கைப்பையிலும் மாதக்கணக்காகச் சேர்ந்த பஞ்சும் தூசும், செருகிச் செருகி இறுகி, கம்பளித் துண்டு போல அடியில் படிந்திருக்கும். போனை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குத்தும் குச்சியால் ஓரங்களை மெதுவாக நெம்பினால், இவ்வளவா இருந்தது என்று திகைக்கும்படி அது வெளிவரும். ஊசியும் ஹேர்பின்னும் ஆகா. இன்றைய போன்களில் பலவற்றில் துவாரத்தின் நடுவே மெல்லிய நாக்கு ஒன்று உண்டு. அது முறிந்தால் பிறகு கடைக்குத்தான் போகவேண்டும்.

எதற்கெடுத்தாலும், "அணைத்துப் போட்டுப் பார்" என்று சொல்வதைக் கேட்டுப் பலர் நகைக்கிறார்கள். நகைப்புக்குரியதன்று அது. நம் பெரியவருக்கு அதன் தத்துவத்தை அவருடைய தொழிலைக் கொண்டே நான் விளக்கினேன். கடிதங்களைப் பிரிக்கும் மேசையில் பல குமாஸ்தாக்கள் வேலை செய்துவிட்டு, சிலர் தம் கட்டுகளை எடுக்காமலே போய்விட்டால், நேரம் ஆக ஆக மேசையில் கைவைக்க இடமிராது. ராம் என்னும் தற்காலிக நினைவகம் அந்த மேசை. சரியாக எழுதப்படாத செயலிகள் அந்த அசிரத்தையான குமாஸ்தாக்கள். மின்சாரம் நின்றதும் மேசை முழுவதும் துடைக்கப்பட்டுவிடுகிறது. பீரோவாகிய சேமிப்பகத்துக்கு மாத்திரம் இந்த வைத்தியம் பலிக்காது. வாட்ஸ்அப்பில் நாள்தோறும் ரோஜாப்பூவோடும் சுவாமி படங்களோடும் வந்து குவியும் காலை வணக்கங்கள் அதில் நிரம்பி வழிந்து, போனின் ஓட்டமே தளர்ந்துபோகும். வேண்டிய படங்களுக்குப் பிரதி எடுத்துவைத்துக்கொண்டு, மற்றவற்றை நிர்த்தாட்சண்யமாக அழிப்பதே அதற்குப் பரிகாரம்.

அயலார் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் வாதிக்கவில்லை. தண்ணீரில் விழுந்த போனை அரிசிப் பானைக்குள் புதைத்து வை என்பது உலகமெங்கும் பரவிய நாட்டு வைத்தியம்; அரிசியின் நுண்துகள்கள் போனைக் கெடுக்கக்கூடும், ஆகையால் அப்படிச் செய்யவேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் எச்சரித்திருக்கிறது. துவாரம் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெல்லத் தட்டி நீரை வடியவிட்டு, காற்றாடும் இடத்தில் வைத்து, நன்றாக உலரும்வரை சார்ஜில் போடாமல் இருப்பதே உசிதம். பேட்டரி உப்பி, போனின் முதுகு விரிந்துகொண்டு வந்தால், அங்கே நட்பின் எல்லை முடிந்தது. குத்துவதும் அமுக்குவதும் தீயை வரவழைக்குமாதலால், உபயோகத்தை நிறுத்திப் பழுதுபார்க்கும் நிபுணரிடம் சேர்ப்பித்துவிடவேண்டும்.

இவற்றினும் விபரீதமான ஒன்று உண்டு. முகமறியாதவன் ஒருவன் உதவிக்காரன் வேஷத்தில் வருவது அது. வாடிக்கையாளர் சேவை எண் என்று இணையத்தில் தேடிக் கிடைத்த ஏதோ ஓர் எண்ணை அழைக்க, மறுமுனையில் மிக மரியாதையாகப் பேசுபவன் ஒரு செயலியை இறக்கிக்கொள்ளச் சொல்லி, நம் திரையைத் தன் திரையில் பார்த்துக்கொண்டே வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுகிறான். உண்மையில் சகாயம் செய்ய வந்தவருக்கு நம் ஓ.டி.பி.யும் வேண்டியதில்லை, ரகசிய எண்ணும் வேண்டியதில்லை. பணம் பறிபோய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல், 1930 என்னும் தேசிய உதவி எண்ணை உடனே அழைக்கவேண்டும். தாமதம் ஆக ஆகப் பணத்தை வழியில் மறிக்கும் வாய்ப்புக் குறையும்.

உதவி செய்பவருக்கும் ஒரு தர்மம் உண்டு. வந்ததும் வராததுமாக மௌஸைப் பிடுங்கிக்கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் பத்து ஜன்னல்களைத் திறந்து மூடி, "ஆச்சு" என்று எழுந்து போகிறவர் பழுதை நீக்கினாரே ஒழிய, பயத்தை நீக்கவில்லை. அடுத்த வாரம் அதே பழுதுக்கு அவரையே தேடவேண்டும். எதிர்வீட்டுப் பையனுடைய சாமர்த்தியம் அன்றிரவு சுவிட்ச் அணைந்தபோதே அணைந்துவிட்டது. மாடி வீட்டுப் பெண்ணோ, பேட்டரியை மாற்றும்போதும் சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கச் சொல்லி, தான் வெளிச்சம் பிடித்துக்கொண்டு, நகத்தால் பேட்டரியைப் பெயர்த்தெடுக்கும் காரியத்தைப் பெரியவரின் கையாலேயே செய்வித்தாள்.

அதன்பின் அவர் கம்ப்யூட்டர் மேசைமேல் கோடுபோட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று இடம்பெற்றிருக்கிறது. முதல் பக்கத்தில், போனில் *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கிறது; போன் தொலைந்தால் போலீஸில் சொல்லவும், அதை முடக்கவும் அது வேண்டும் என்று அந்தப் பெண் எழுதிக்கொள்ளச் சொன்னாளாம். அடுத்த பக்கத்திலிருந்து, ஒவ்வொரு பழுதும் என்றைக்கு வந்தது, என்ன சொல்லி வந்தது, எதனால் தீர்ந்தது என்று, ரிஜிஸ்தர் தபாலைப் பதிவு செய்யும் அதே சிரத்தையோடு மணிமணியான எழுத்தில் எழுதி வருகிறார். ஒவ்வொரு பதிவுக்கும் இடது ஓரத்தில், வேறு எதையும் எழுதுமுன், முதலில் தேதியைப் போட்டுவிடுகிறார்.