ஒளிபுகும் காகிதம்: நானோ செல்லுலோசுக் கூட்டுப்பொருள்கள்

வடை மடித்து வந்த தாளில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் தெளிந்து, மறுபுறத்து எழுத்தைக் காட்டுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். தாள் அதே தாள்தான். அதில் எதுவும் கரைந்துவிடவில்லை. பின் ஏன் அவ்விடத்தில் மட்டும் ஒளி புகுகிறது? இவ்வினாவுக்கான விடையே நானோ செல்லுலோசு என்னும் புதுப்பொருளின் அடிப்படையாகும்.

தாளின் உடல் செல்லுலோசு. தாவரங்களின் செல் சுவரில் அமைந்த இப்பொருளை 1838-இல் பிரெஞ்சு வேதியியலார் அன்செல்ம் பாயன் பிரித்தறிந்தார். செல்லுலோசுக்கு இயல்பில் நிறம் இல்லை. தாள் வெண்மையாகத் தோன்றுவதற்குக் காரணம் அதன் நார்களுக்கிடையே அடைபட்டிருக்கும் காற்றே. செல்லுலோசின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, காற்றினுடையது 1. நாரிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து நாருக்கும் ஒளி மாறிமாறிப் பாயுந்தோறும் வளைந்தும் தெறித்தும் நாற்புறமும் சிதறிவிடுகிறது. எண்ணெயின் ஒளிவிலகல் எண்ணோ செல்லுலோசினதற்கு நெருக்கமானது. அது காற்றை வெளியேற்றி இடைவெளியை நிரப்பியதும் சிதறல் குறைந்து ஒளி நேரே செல்கிறது. ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் ஒளி விலகும் திறத்தைப் பதினோராம் நூற்றாண்டிலேயே பஸ்ராவில் பிறந்த அறிஞர் இப்னு அல்-ஹைதம் தம் ‘கிதாப் அல்-மனாழிர்’ நூலின் ஏழாம் பகுதியில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தாளை நாம் அழைக்கும் ‘காகிதம்’ என்ற சொல்லும் பாரசீகக் ‘காகஸ்’ வழி வந்ததே என்பதை மொழி பயிலும் மாணவர் ஈண்டு நினைவிற் கொள்ளலாம்.

எண்ணெய்த் தாள் மங்கலாகத்தான் தெரியும். முழுத் தெளிவு வேண்டுமாயின் நாரையும் நுணுக்க வேண்டும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. சாதாரணத் தாளின் நார் இருபதாயிரம், முப்பதாயிரம் நானோமீட்டர் அகலமுடையது. ஒளிக்கு அது பெரும் தடுப்புச் சுவர். அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கினும் குறைவாக நாரின் அகலம் அமைந்துவிட்டால், ஒளி அதனைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. கடலலை கரையோரத் தூணில் மோதிச் சிதறும். நாணற்புல்லிடையே தடையின்றிக் கடந்து செல்லும். அது போன்றதே இது.

இவ்விரு வழிகளையும் ஒன்றாக்கிக் காட்டியவர்கள் சப்பானின் கியோட்டோப் பல்கலைக்கழக ஆய்வறிஞர் ஹிரோயுகி யானோ குழுவினர். தேங்காய் நீரைப் புளிக்கவைத்துப் பிலிப்பைன்சு நாட்டார் செய்யும் ‘நாட்டா டி கோகோ’ என்னும் இனிப்புக் கட்டியை ஆக்குவது ஒருவகை நுண்ணுயிரி. அந்நுண்ணுயிரி நெய்யும் மெல்லிய செல்லுலோசு வலையின் நீரை அகற்றி, அதனுள் ஒளிபுகும் பிசினைப் புகுத்தினர். 2005-இல் வெளியிட்ட ஆய்வின்படி, எடையில் 70 விழுக்காடு வரை நாரே இருந்தும் அத்தகடு பிசினின் தெளிவை இழக்கவில்லை. அதன் வலிமை பொறியியல் நெகிழிகளைப்போல் ஐந்து மடங்கு. வெப்பத்தில் விரியும் தன்மையோ சிலிக்கன் படிகத்தினதை ஒத்திருந்தது.

இக்கடைசிப் பண்பை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். நெகிழி வளையும், ஆனால் சூடேறினால் மிகுதியாக விரியும். அதன்மேல் படியவைத்த மெல்லிய மின்சுற்றுகள் அவ்விரிவுக்கு ஈடுகொடாது வெடித்துவிடும். கண்ணாடி விரிவு குறைந்தது, ஆனால் நொறுங்கும். விரியாமலும் நொறுங்காமலும் வளையவல்ல தெளிந்த தளம் ஒன்று மின்னணுத் துறைக்குத் தேவையாக இருந்தது. மரச் செல்லுலோசால் ஆன இத்தகைய தளத்தின்மீது ஒளியுமிழ் திரையை அமைத்து 2009-இல் இதே நகர ஆய்வாளர் காட்டினர்.

மரநாரை இவ்வளவு நுண்ணியதாகப் பிரிப்பது எளிதன்று. வெறும் இயந்திர விசையால் செய்தால் மின்னாற்றல் மிகுதியாகச் செலவாகும். டோக்கியோப் பல்கலைக்கழகத்தின் அகிரா இசோகாய், சைட்டோ ஆகியோர் ‘டெம்போ’ என்னும் வினையூக்கியால் நாரின் மேற்பரப்பில் மின்னூட்டம் ஏற்றினர். ஒன்றையொன்று விலக்கும் அந்நார்கள் மெல்லக் கலக்கிய அளவிலேயே 3, 4 நானோமீட்டர் அகல இழைகளாகப் பிரிந்தன. இப்பணிக்காக 2015-இல் மார்கஸ் வாலன்பர்க் பரிசு அளிக்கப்பெற்றது. இவ்விழைகளாலான மென்படலம் உலர்ந்த நிலையில் ஆக்சிசனை நன்கு தடுப்பதால் உணவுப் பொதிக்கும் ஏற்றதெனக் கருதப்படுகிறது.

ஒளிபுகும், ஒளிகசியும், ஒளிபுகா என மூன்று சொற்களைப் பள்ளிப் பாடநூல்கள் நமக்குத் தந்துள்ளன. சுவீடன் நாட்டுத் தொழில்நுட்பக் கழகத்தில் 2016-இல் லார்ஸ் பெர்க்லுந்து குழுவினர் ஆக்கிய ‘ஒளிபுகும் மரம்’ இம்மூன்றுள் எதனுட்படும்? அது ஒளியில் 85 விழுக்காட்டைக் கடத்துகிறது. ஆயினும் கடந்த ஒளியின் பெரும்பகுதி சிதறிவிடுவதால் அப்பாலிருப்பவர் முகம் தெளிவாகத் தெரிவதில்லை. எனவே ‘ஒளிகசியும் மரம்’ என்பதே பொருந்தும் என்பது நம் கருத்து. வீட்டுச் சாளரத்திற்கு இத்தன்மை குறையன்று. வெளிச்சம் வரும், உள்ளிருப்போரின் மறைவும் காக்கப்படும்.

இனி ஓர் எச்சரிக்கை. ‘மரத்திலிருந்து வந்தது, ஆகவே மண்ணில் மக்கிவிடும்’ என்று இப்பொருள்களைப் பற்றிப் பேசுவோர் பலர். நார் மக்கும் என்பது உண்மை. ஆயின் அதனோடு பிரிக்கவியலாது பிணைந்த அக்ரிலிக், எப்பாக்சிப் பிசின்கள் எளிதில் மக்குவன அல்ல. சுவீடன் மரத்தின் இடைவெளிகளை நிரப்பியதும் ஒருவகை அக்ரிலிக் நெகிழியே. நாரையும் நெகிழியையும் மீண்டும் பிரித்தெடுப்பது கடினமாதலின், தனி நெகிழியைவிட இக்கூட்டுப்பொருளை மறுசுழற்சி செய்வது சிக்கலாகவும் கூடும். ‘பசுமை’ என்ற சொல்லை விளம்பரத்தில் காணும் மாணவர், நார் எது என்பதோடு பிசின் எது என்றும் கேட்டாக வேண்டும்.

இதற்கு விடைதேடி நாரையும் பிசினையும் ஒரே பொருளாக்க முனைந்தோரும் உளர். கோபேப் பல்கலைக்கழகத்தின் நிஷினோ குழுவினர் 2004-இல் செல்லுலோசின் ஒரு பகுதியைக் கரைத்து, அக்கரைசலையே எஞ்சிய நார்களுக்குப் பிணைப்பாக்கி, முழுதும் செல்லுலோசாலான கூட்டுப்பொருளை ஆக்கினர். அதில் நெகிழி அறவே இல்லை. ஆனால் செல்லுலோசு நீர்நாட்டமுடையது. பிசினின் காவல் இல்லாதவிடத்து ஈரத்தை உறிஞ்சி உப்பும், வலிமை தளரும், ஆக்சிசனைத் தடுக்கும் ஆற்றலும் குன்றும். நீரைத் தடுக்க மேலே எதைப் பூசுவது, அப்பூச்சும் மக்குமா என்பதே இப்போது ஆய்வுக்கூடங்களின் முன்னிற்கும் வினா.