பிள்ளையிடம் கேட்டதற்குப் பிள்ளையே பதில் எழுதட்டும்



உங்கள் பிள்ளை மனநல சிகிச்சைக்குப் போய்வருகிறாரா? அப்படியென்றால் ஒருநாள் கேள்விப் படிவம் ஒன்று கையில் தரப்படலாம், கடிதமாகவும் வரலாம். வதிவிட அனுமதி கிடைத்தவர்களுக்கு டிஜிட்டல் போஸ்டிலும் வரும். "இதென்ன, எங்களை விசாரிக்கினமோ?" என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். ஆனால் எந்தப் படிவம் என்று முதலில் பாருங்கள்.

ஒருவகை, பிள்ளையைப் பற்றியது. எஸ்.டி.கியூ என்ற 25 கேள்விப் படிவம் இதில் அடங்கும். பயம், கோபம், கவனம், கூட்டாளிமார் பற்றிக் கேட்கும். இது தமிழிலும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

மற்றது சிகிச்சையைப் பற்றியது. டென்மார்க் முழுவதும் நடக்கும் 'லுப்' என்ற நோயாளர் அனுபவக் கணிப்பு அப்படிப்பட்டது. பிள்ளைகள், இளையோர் மனநலப் பிரிவும் இதற்குள் வருகிறது. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் வெவ்வேறு படிவம். சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்களா, முடிவெடுக்கும்போது உன்னையும் சேர்த்தார்களா என்ற மாதிரிக் கேள்விகள். இங்கே புள்ளி போடுவது பிள்ளை, வாங்குவது வைத்தியசாலை!

விடைகள் டெனிஷில் இப்படி இருக்கும்: 'ஸ்லெட் இக்க' என்றால் இல்லவே இல்லை. 'இ மின்ட்ர கிராட்' கொஞ்சம்தான். 'இ நோன் கிராட்' ஓரளவு. 'இ ஹொய் கிராட்' நன்றாக. 'இ மாயெட் ஹொய் கிராட்' மிக நன்றாக. தெரியாவிட்டால் 'வெத் இக்க'.

எங்கள் ஆட்கள் எல்லாவற்றுக்கும் கடைசி விடையையே போட்டுவிடுகிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில் "விளங்கிச்சுதோ?" என்றால் வகுப்பு முழுக்க "ஓம்" என்றுதான் சொல்லும். பிறகு கொப்பியைப் பார்த்தால் தெரியும். மரியாதைக்காக "எல்லாம் நல்லம்" என்று எழுதினால், மொழிபெயர்ப்பாளர் வராத நாளில் பிள்ளை ஒன்றும் விளங்காமல் இருந்துவிட்டு வந்தது யாருக்குத் தெரியும்?

ஆகவே பிள்ளையின் படிவத்தை நீங்கள் நிரப்பாதீர்கள், பக்கத்தில் நின்று பார்க்கவும் வேண்டாம். டெனிஷ் விளங்காவிட்டால் வாசித்துச் சொல்லுங்கள், விடையைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். 15 வயதானால் சிகிச்சைக்குச் சம்மதம் கொடுக்கும் உரிமையே பிள்ளைக்கு உண்டு, பெற்றோரையும் சேர்த்துக் கதைப்பார்கள் என்றாலும். விருப்பமில்லை என்றால் படிவத்தை நிரப்பாமலும் விடலாம், அதனால் சிகிச்சை நிற்காது.

உங்கள் அகதி விண்ணப்பத்தைப் பார்க்கும் குடிவரவுத் திணைக்களத்துக்கும் இந்தக் கணிப்புக்கும் தொடர்பில்லை. குறைசொன்னால் விசா போய்விடும் என்பது வெறும் முகாம் கதை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட அகதிப் பிள்ளைகளுக்கு இங்கே வாழும் மற்றப் பிள்ளைகளுக்குள்ள அதே வைத்திய உரிமை உண்டு. யாரும் இரக்கப்பட்டுத் தருவதில்லை. கருத்து எழுதும் பெட்டியில் மட்டும் பெயர், முகாம் பெயர் எழுதாமல் விடுவது நல்லது.

ஒன்றை மாறி விளங்கிக்கொள்ளாதீர்கள்: இந்தப் படிவம் முறைப்பாடு அல்ல. பிழையான சிகிச்சை நடந்திருந்தால், அதில் எழுதிப்போட்டு யாரும் பதில் தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். அதற்கு நோயாளர் முறைப்பாட்டுத் திணைக்களம் வேறாக இருக்கிறது. நடந்தது தெரியவந்து 2 வருடத்துக்குள், எப்படியும் நடந்து 5 வருடத்துக்குள் முறையிட வேண்டும். எப்படி எழுதுவது என்று றீஜியனில் உள்ள 'பஷென்ட்வைலேடர்' என்ற ஆலோசகர் இலவசமாகச் சொல்லித்தருவார்.